பதினொன்றாம் வகுப்பு மட்டும்

நேர்முகத் தேர்வு அறையில் ஏசி ஓடியதே தவிரக் குளிரவில்லை. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் எழுந்து போய் மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பார். இன்று அவர் வெறும் அப்பா. நடுவில் மகள், அந்தப் பக்கம் மனைவி. ஆயிரம் பேர் கேட்டால் நாற்பது பேருக்கு இடம் தருகிற கல்லூரி அது.

பேராசிரியை மதிப்பெண் பட்டியல்களைப் புரட்டப் புரட்ட முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஒரு தாளில் கை நின்றது.

"எல்லா வருஷமும் தொண்ணூறுக்கு மேல. பதினொண்ணாவதுல மட்டும் அறுபத்திரண்டு. அந்த வருஷம் என்னம்மா ஆச்சு?"

என்ன ஆயிற்று என்பது எதிரே உட்கார்ந்திருந்த மூவருக்கும் தெரியும். அந்த வருடம் மெக்கானிக் கேட்காமல் கொள்ளாமல் ஒரு சோபா வாங்கி வந்தார். "அப்ப இந்த வீட்டுல நான் யாரு?" என்றாள் மனைவி. அத்தோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் என்றால் சண்டை என்று விட்டுவிடலாம். இந்த இரண்டு வீம்பு பிடித்த ஜென்மங்களும் வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை. தூது போனது மகள்தான்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடி."

"பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லும்மா."

கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதற்கு நடுவே அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து எழுந்து நடந்தாள். கடுமையான பேச்சைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்வது அவளே கற்றுக்கொண்டது. பரீட்சைக்கு முந்தின நாள்கூட அவளை விடவில்லை.

"விளையாட்டுத்தனமா இருந்துட்டேன் மேடம்," என்றாள் மகள். "எந்நேரமும் ஃபோன்தான்."

மெக்கானிக்குக் கூசிப்போயிற்று.

பேராசிரியை பெற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வீட்டுல ஏதாவது பிரச்னைன்னா தயங்காம சொல்லுங்க. அதையும் நாங்க பார்ப்போம்."

மனைவி சொல்லிவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவர் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். சோபாவுக்காக ஒரு வருடம் என்று நாலு பேர் முன்னால் எந்த வாயால் சொல்வது?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார் மெக்கானிக்.

"அப்ப கவனக்குறைவுதான்." பேராசிரியை ஏதோ எழுதினார். "இங்க படிப்பு ரொம்பக் கஷ்டம்மா. விளையாட்டுத்தனம் சரிப்படாது. நீங்க போகலாம்."

வெளியே தாழ்வாரத்தில் மனைவி சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. மகளிடம் போனார்.

"தப்பு என்மேலதாம்மா. நான்தான் சொல்லியிருக்கணும். அம்மாகிட்ட சொல்லு."

மகள் அவரையே பார்த்தாள்.

"அம்மா இங்கதாம்ப்பா நிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் நடுவிலிருந்து விலகி நின்றாள்.