ஜீப்பில் வந்த அறிவிப்பு

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மருதாம்பாள், தன் லைன் வீட்டு வாசலில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றபோது மேட்டு ரோட்டில் மைக் கட்டிய ஜீப் வந்தது.

"தொடர் கனமழை காரணமாக மண்சரிவு அபாயம் உள்ளதாகக் கண்டறியப்பட்டுள்ள பகுதிகளில் இதுவரை வீடுகளை விட்டு வெளியேறாமல் இருந்துவரும் பொதுமக்கள் அனைவரும்..."

தகரக்கூரையில் மழை இரைந்தது. பேச்சு முடிகிற வழியாயில்லை. முன்னால் கேட்டதை மனசில் பிடித்து வைப்பதற்குள் பின்னால் வந்தது அதைத் தள்ளிவிட்டது. கடைசியில் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று மட்டும் காதில் விழுந்தது. ஜீப் வளைவில் திரும்பிவிட்டது. மண்சரிவு, வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கணும். அவளிடம் தங்கியது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ராக்கம்மா துணிமூட்டையோடு எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் சுடலைமுத்து கால் முறிந்து கட்டிலில் கிடந்தான்.

"ஜீப்புல என்னமோ சொன்னாங்களே, வெளங்கலே. போன மழைக்குப் போன மாதிரி ஸ்கூலுக்குப் போயிரலாமா? இவரை ரெண்டு பேருமாத் தாங்கிக்குவோம்."

"வேண்டாங்கக்கா. ஊட்டை விட்டு வெளிய வரக்கூடாதுன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. ரோட்டுல மண்ணு சரியுதாம்."

ரோடு என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது. எட்டாவது வரை படித்தவள் சொல்கிறாளே என்று ராக்கம்மா மூட்டையை உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் மேட்டுத் தேயிலைக்காடு அப்படியே இறங்கி வந்து, ராக்கம்மா வீட்டை மூடிவிட்டு மருதாம்பாள் வீட்டுச் சுவரோடு நின்றது. குழாயடிக்குப் போயிருந்த ராக்கம்மா பிழைத்தாள். சுடலைமுத்துவை மறுநாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.

"மைக்ல சொன்னதைக் கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. புரியலீங்க," என்றாள் மருதாம்பாள்.

அவர் கையிலிருந்த தாளை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். உடனே வெளியேறிப் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. "இதுல என்னம்மா புரியாம இருக்கு?"

"இப்பப் புரியுதுங்க. அன்னிக்கு அந்த மழைக்குள்ள ஒரே மூச்சா ஓடுச்சுங்க. எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்லியிருந்தாப் போயிருப்போமுங்க."

"முறைப்படி அறிவிச்சாச்சு," என்று பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் சொல்லிவிட்டு அவர் ராக்கம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"மைக்குக்காரர் சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க." ராக்கம்மா மருதாம்பாளைக் கையால் காட்டினாள். "இவ சொன்னதுதான் நல்லா வெளங்குச்சுங்க."

வெளியே வந்ததும் மருதாம்பாள் "அக்கா" என்று அவள் கையைப் பிடித்தாள். ராக்கம்மா கையை உருவிக்கொண்டு நடந்தாள். அதற்கப்புறம் அடுத்தடுத்த வரிசையில் நின்று கொழுந்து பறித்த நாட்களிலும் அவள் மருதாம்பாளிடம் வாய் திறக்கவில்லை.