அக்காவுக்கு நன்றி சொன்னவன்

காபி டம்ளரை வாங்கும்போது வடிவு அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டேன். அதனால் வீடு லாட்ஜாகிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

கனடாவில், கால்கரியில் பதினோரு வருடம் நன்றி சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அங்கே பஸ் டிரைவருக்குச் சொல்வேன். தானாகத் திறக்கும் கதவுக்கும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பாளையங்கோட்டையில், சொந்த வீட்டில், கூடப் பிறந்தவளிடம் யாரும் சொல்வதில்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எத்தன நாள் தங்குவீங்க?"

அவள் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் டிவி இருந்த இடத்தில் ஒரு கவுன்டர் முளைத்தது. அதன் பின்னால் அக்கா புருஷன் சண்முகையா அத்தான், நான் ஊரை விட்டுப் போன அன்று கட்டியிருந்த அதே கட்டம் போட்ட சாரத்தில் உட்கார்ந்திருந்தார். படிவம் ஒன்றை நீட்டினார். வந்த காரணம் என்ற இடத்தில் 'வீடு' என்று எழுதினேன். அது முகவரி, காரணம் ஆகாது என்று அடித்துவிட்டார்.

"அத்தான், நான் இந்த வீட்டு ஆளா, விருந்தாளியா?"

"ரூமு பன்னெண்டு மணிக்குக் காலி பண்ணணும்," என்றார்.

பிறகு சுவர்க்கடிகாரமாகிவிட்டார். ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. மணி பதினொன்றே முக்கால்.

அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று அடுக்களைக்கு நடந்தேன். பத்தடி தூரம். நடக்க நடக்க நீண்டது. இரு பக்கமும் எண் போட்ட கதவுகள். நூற்றி நாலில் என் பழைய சைக்கிள் தங்கியிருந்தது, செயின் கழன்றபடியே. நூற்றி ஏழில் அம்மாவின் இருமல் தங்கியிருந்தது. தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கதவில் அட்டை தொங்கியது. அம்மா போனபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். கைக்குட்டை பெட்டிக்குள் இருந்தது.

அடுக்களையை அடைந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். அக்கா தட்டு வைத்துச் சோறு போட்டாள். சொதி, இஞ்சித் துவையல். கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சொன்னாள், அதையும் 'நீங்க' போட்டுத்தான். நன்றி தொண்டை வரை வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

வழித்துத் தின்றுவிட்டு, "சொதில உப்பு கம்மி," என்றேன்.

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது.

அத்தான் எது சொல்வதென்றாலும் முதலில் செருமுவார். கூடத்தில் கடிகாரம் செருமியது.

"அக்கா, நான் விருந்தாளியா?"

அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"விருந்தாளின்னா நான் கழுவுவேன். எந்திச்சு தட்டக் கழுவி வைல."