ஆறு அட்டைகள்

அகராதி அலுவலகத்தில் ஒரு கறாரான விதி உண்டு. உதாரண வாக்கியத்தை யாரும் மனத்திலிருந்து இட்டுக்கட்டக் கூடாது. தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட ஓர் ஆங்கிலச் சொல்லை வீட்டிலும் பஸ்ஸிலும் மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்களோ, அதைக் காதால் கேட்டு அட்டையில் எழுதி, கேட்ட தேதியையும் போட வேண்டும். 'டயர்ட்' என்ற சொல் அங்கே வேலை பார்த்த அவன் பங்குக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முறை வந்தபோது, அவன் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தலைமை ஆசிரியர் அட்டைகளை மேசையில் பரப்பினார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் முற்றுப்புள்ளி.

"உடம்பு அசந்துபோற அர்த்தத்துக்கு ஆறு அட்டை. ஒரு விஷயம் அலுத்துப்போனதுக்கு ஒண்ணு. கேட்டுக் கேட்டுப் புளிச்ச ஜோக்குக்கு ஒண்ணுகூட இல்ல. பக்கத்து சீட்டுக்காரன் தினமும் சொல்றானே, அதுல ஒண்ணைப் போடக் கூடாதா?"

"என் ஜோக் உள்ள வந்தா அகராதிக்குத்தான் சார் பெருமை," என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

முற்றுப்புள்ளி வாய்விட்டுப் படித்தார். "மாடி ஏறினாலே டயர்டா இருக்கு. தலை வாரக்கூட டயர்டா இருக்குங்க. தூங்கி எழுந்தும் டயர்டாவே இருக்கே, ஏன்?" நிமிர்ந்தார். "ஆறும் ஒரே ஆள் குரலா இருக்கே. யாருப்பா இது?"

"எங்க வீட்டுல."

பக்கத்து சீட்டுக்காரன் குனிந்து பேனா மூடியைத் தேடினான். முற்றுப்புள்ளி அட்டைகளை அடுக்கி, எழுதியவன் பக்கமே மெதுவாகத் தள்ளினார். "இந்தச் சொல்லை வேற யாராவது பார்க்கட்டும். நீ கிளம்பு."

பஸ்ஸில் தேதிகளைப் பார்த்தான். முதல் அட்டைக்கும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளுக்கும் நடுவே பதினான்கு வாரம். 'ஏன்?' என்று அவள் கேட்ட காலையில் அவன் பதில் சொல்லவில்லை. "இன்னொரு தரம் சொல்லு," என்றான், எழுதிக்கொள்ள. அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இதயம் இவ்வளவு தளர்ந்திருக்கு, முன்னாடி ஒண்ணும் சொல்லலையா?" என்று பிறகு டாக்டர் கேட்டார். "ஒண்ணும் சொல்லலை," என்று அவன் வாயில் வந்துவிட்டது. மாமியார் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு மகள்மேல் ஆறாத கோபம். அழுத்தக்காரி, பெத்தவகிட்டகூட மறைச்சுட்டா என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. மகள் படத்தைச் சுவரில் மாட்டவும் விடவில்லை. அவன் வாயைப் பூட்டிக்கொண்டு, செத்தவள்மேல் பழி விழ விட்டான்.

பஸ் இறங்கி அவன் மாமியார் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்ள, வேலை நேரத்துல? ஆபீஸ்ல துரத்திட்டாங்களா?"

"அத்தை, அவ மறைக்கலை. என்கிட்ட சொன்னா. ஆறு தடவை. நான்தான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

அட்டைகளை நீட்டினான். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"பேச்சு அவளோடது. எழுத்து உங்களோடதா?"

"ஆமா அத்தை."

"இதை உக்காந்து எழுதின நேரத்துக்கு ஒரு ஆட்டோ பிடிச்சிருக்கலாமே மாப்ள."

"பிடிச்சிருக்கலாம்."

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?"

"என்னால தாங்க முடியலை."

"உங்களால முடியலைன்னு என்கிட்ட இறக்கி வச்சுட்டீங்க." குரல் ஏறவில்லை. "அஞ்சு மாசமா அவளைத் திட்டாத நாள் இல்லை. அதை நான் யார்கிட்ட கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?"

அவள் அட்டைகளைத் திருப்பித் தரவில்லை. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான்.