மூன்று கை, மூன்று தராசு

2023 மார்ச் 9, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. மழையும் வரவில்லை, காற்றும் அசையவில்லை. மாத்திரைத் தொழிற்சாலையின் சன்னல் திறவாத கண்ணாடி அறையில், புள்ளியியலாளர் கணினிமுன் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

திரையில் இரண்டு பெட்டிகள். மாத்திரைகளை எடை போடும் மூன்று பெண்களையும் 'நிலையான விளைவு' என்ற பெட்டியில் இட்டால், யார் எவ்வளவு பிழை செய்கிறார் என்று ஆளுக்கொரு மதிப்பு வரும். 'சமவாய்ப்பு விளைவு' என்பதில் இட்டால், எடை வேறுபாட்டில் ஆட்களின் பங்கு மட்டும் வரும்; பெயர் வராது. மேலாளர் கேட்டதோ பெயர்: மோசமாக எடை போடுபவளை வேலையிலிருந்து நீக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குள். முதல் பெட்டி காட்டியது புள்ளியியலாளரின் நாத்தனாரை. இரண்டாவது பெட்டி பெயரை மறைக்கும். அவள் மனம் மறைக்காது.

நாத்தனாரே கதவில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, உங்க பொட்டி என்ன சொல்லுது? என் கை ஆடுதாமா?"

"போய் வேலையைப் பாரு."

"அதைத்தானே பாக்குறேன்! நாலு வருஷமா அதே ஓரத்து மேசை, அதே தராசோட மல்லுக்கட்டு. வேற இடத்துல உக்கார விட்டாங்களா?"

புள்ளியியலாளருக்குச் சுருக்கென்றது. தராசையும் ஒரு விளைவாகச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். மென்பொருள் கையை விரித்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் தராசில் மட்டுமே எடை போட்டிருந்தாள். பிழை கையினுடையதா, தராசினுடையதா என்று பிரிக்க வழியே இல்லை. எடைச் சோதனையை அப்படி வகுத்தது வேறு யாருமல்ல, அவளேதான்.

பன்னிரண்டுக்கு மேலாளர் வந்து நின்றார்.

"பேர் எங்க மேடம்?"

"சொல்ல முடியாது சார். தராசை மாத்தி மாத்திக் குடுத்து, மறுபடி எடை போடணும்."

"நாத்தனார்னதும் கணக்கு மாறிடுச்சாக்கும்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் காலையிலிருந்து அவள் பயந்திருந்தாள். வாயை மூடினால் நாத்தனாரின் வேலை போகும். திறந்தால் தன் பேர் கெடும். ஒரு தாளை எடுத்து எழுதினாள்:

"சோதனையை வகுத்ததில் நேர்ந்த பிழை என்னுடையது. இத்தரவைக் கொண்டு எவரையும் நீக்கப் பரிந்துரைக்க இயலாது. என் உறவினர் உட்பட்டிருப்பதால், மறுசோதனையை வேறொருவர் நடத்துக."

கையெழுத்திட்டு, தேதியும் மணியும் குறித்து, தாளை அவர் கையில் கொடுத்தாள்.