டி டிரைவ்

அண்ணன் என்னைக் கேட்காமல் என் கம்ப்யூட்டரைத் தொடுவது புதிதல்ல. அடியோடு துடைத்து வைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மதியம் துணி காயப்போட்டுவிட்டு அறைக்குள் வந்தேன். திரையில் நான் பார்த்திராத நீலம். என் நாற்காலியில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் கூட்டாளி. வாயைத் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டு பேச்சுதான், அதனால் அவன் பேரே கிராஃபிக்ஸ்.

“உன் பழைய ஓ.எஸ்ஸத் தூக்கிப் போட்டுட்டு புதுசு ஏத்தியாச்சு. பழசுல ஒரு புது கேமும் ஓடாது. இப்ப பாரு, பறக்குது” என்றான் அண்ணன்.

மௌஸைப் பிடுங்கினேன். சி டிரைவ் மட்டும் இருந்தது.

“என் டி எங்கே?”

கிராஃபிக்ஸ் தலையைச் சொறிந்தான். “அது வந்து தங்கச்சி, இந்த டிஸ்க்குல புதுசு ஏறாதுன்னு மெசேஜ் வந்துச்சு. சி, டின்னு பிரிச்சு வச்சிருக்குற பார்ட்டிஷன டெலீட் பண்ணாதான் ஏறும்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு பண்ணேன், ஏறல. அப்புறம் எல்லாத்தையும் பண்ணிட்டேன்.”

டியில் இருந்தது என் ஏழு வாரம். மூன்று தள மருத்துவமனை ஒன்றின் வரைபடம். செவ்வாய்க்கிழமை காலை ஒரு கட்டட நிறுவனத்தில் அதைக் காட்ட வேண்டும். பதினொரு இடத்துக்கு எழுதிப்போட்டு, கூப்பிட்டது அந்த ஒரு இடம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு இதுவரை கிடைத்த மரியாதை, தெருவில் எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பும் வேலை.

நான் கத்தியதில் அம்மா வந்தாள். “ஏண்டி ஊரக் கூட்டுறே? வாரத்துல ஒரு நாள்தான் அவன் வீட்ல இருக்கான். நீ படிச்சவதானே, திரும்ப வரைஞ்சுக்க மாட்டியா?”

“சமைச்சத எல்லாம் கொட்டிட்டு, திரும்பச் சமைம்மான்னு சொன்னா சமைப்பியா?”

“என்ன வாய்டி இது!”

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். கேம் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு சதவீதம். டெலீட் செய்தது உடனே அழிந்துவிடாது. அதே இடத்தில் வேறொன்று வந்து எழுதும்வரை அடியில் கிடக்கும். அந்தக் கேம் என் சுவர்களின் மேல்தான் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, சி.பி.யூ பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

“ஏய் லூசு! காலையிலேர்ந்து இறங்குதுடி!” அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

“கைய எடு. இந்த ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குத்தான் எடுத்தேன். உனக்கும் ஆகும்.”

எடுத்தான். நான்கு திருகையும் கழற்றி, டிஸ்க்கை உருவித் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

டேட்டா மீட்கும் கடையில் ஒரு அக்கா இருந்தாள். “காப்பி எடுத்து வைக்கலையா?”

“வச்சிருந்தேன். டி டிரைவ்ல.”

“ஒரிஜினல்?”

“அதுவும் டியிலதான்.”

அவள் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தாள், பிறகு என்னை. “ரெண்டும் ஒரே டிஸ்க்லயா? காலேஜ் படிச்ச பொண்ணுங்கிற?”

சி போனாலும் டி போகாது என்று காலேஜ் லேபில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேல் தளங்கள் இரண்டும் முழுசாக வந்தன. கீழ்த்தளம் வரவில்லை. “அது மேல கேம் ஏறிடுச்சும்மா. நீ மட்டும் பிளக்கப் பிடுங்கலேன்னா மூணும் போயிருக்கும்” என்றாள் அக்கா. இரண்டையும் ஒரு பென் டிரைவில் வாங்கி, அச்செடுத்தேன். கீழ்த்தளத்தைப் பென்சிலால் காகிதத்தில் வரைந்தேன். அளவு ஒவ்வொன்றும் தலையில் இருந்தது. அதை டெலீட் செய்ய கிராஃபிக்ஸால் முடியவில்லை.

செவ்வாய் காலை செருப்பை மாட்டும்போது அண்ணன் வாசலை மறித்தான். “டிஸ்க்கக் குடுத்துட்டுப் போ.”

“குடுத்துடேண்டி, போற நேரத்துல எதுக்குச் சண்டை?” என்றாள் அம்மா.

டிஸ்க் என் பைக்குள், வரைபடங்களுக்கு அடியில் இருந்தது.

“பெட்டி இருக்குல்ல, வச்சுக்கோ. உள்ள கிராஃபிக்ஸ உக்கார வச்சு கேம ஓட்டு” என்றேன். அவன் நகரவில்லை. தோளால் இடித்துக்கொண்டு இறங்கினேன்.