கடைசி வரிசையில் கர்ணன்

வெள்ளைத் துணியை நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தபோது பவானியின் இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. கிழித்த துணியைச் சித்தப்பா வேல்பாண்டி வாங்கி, ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கச் சொல்லி, அவளுடைய அண்ணனின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். நேற்றுக் கட்டியது நழுவிவிட்டது. ஈஸ்வரபாண்டி உயிரோடு இருந்த நாற்பத்தைந்து வருஷமும் அந்தக் கைகள் சும்மா கிடந்ததில்லை.

"இறுக்கிக் கட்டுங்க சித்தப்பா."

"வலிக்குமேன்னு பாத்தேன்த்தா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போலும், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

போன் மறுபடி அதிர்ந்தது. பெங்களூரிலிருந்து ஆதித்தன், அவளுடைய மேலதிகாரி. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ஆரம்பித்து, கும்பிடும் கைகள் இரண்டைப் போட்டு, திங்கட்கிழமை தேனியில் கம்பெனியின் விற்பனைக் கூட்டம் இருப்பதை நினைவூட்டி, ஸ்லைடை மட்டும் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தக் கூட்டம் எதை விற்க என்று இந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள், போட்ட நாற்காலியை எடுத்து அடுக்கினாள். "அந்தப் பிள்ளையைச் செத்த நேரம் உக்காரச் சொல்லுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். உட்கார்ந்தால் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பார்த்தால் ஒரே கேள்விதான் வந்தது. அண்ணனுக்குத் தெரியுமா?

ஈஸ்வரபாண்டி சென்னையில் பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன். ஒரு நாள் போதும் என்று சொந்த ஊரான ஜெயமங்கலத்துக்கே வந்துவிட்டான். பெரியகுளத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து அவன் செய்த காரியம் ஒன்றே ஒன்று. தோட்டத்து மோட்டாருக்கான த்ரீபேஸ் கரண்ட் நேரங்கெட்ட நேரத்தில் வரும். வந்ததும் வீட்டுக்குப் போன் போகும். போனில் ஒன்றை அமுக்கினால் கிணற்றடியில் மோட்டார் ஓடும். அமுக்காவிட்டால் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடும், மொத்தம் மூன்று தடவை. போனில் பேசுவது அவனுடைய சொந்தக் குரல்.

"தொண்டை கட்டின மாதிரி இருக்குண்ணே. ஒரு பிராண்டுன்னா குரல் முக்கியம். நல்ல பொம்பளைக் குரலா எடுத்துப் போடு" என்று மார்க்கெட்டிங்கில் பழம் தின்று கொட்டை போட்ட பவானி சொன்னாள்.

"ஆம்பளைக போனு டீக்கடையில கெடக்கும் பாப்பா. நான் வீட்டுப் பொம்பளைக நம்பரைத்தான் வாங்குறேன். மெசின் பேசுனா பொசுக்குன்னு வச்சிருதாக. நான்னா திட்டுறதுக்காவது எடுக்குறாக" என்று அவன் சிரித்தான்.

ஆறு வருஷத்தில் அறுநூற்று நாற்பது வீடுகள் சேர்ந்தன. போன வருஷம் மாசி மாதம் அந்தப் பட்டியல் முழுவதையும் அவளுக்கு அனுப்பினான். 'எனக்கு விக்கத் தெரியலை பாப்பா. நீ அதுல கெட்டிக்காரி. பாத்து ஒரு வழி சொல்லு' என்று எழுதியிருந்தான். பெயர், தோட்டம், போன் நம்பர், அதற்கப்புறம் குறிப்பு என்று ஒரு கட்டம். அம்மாவாசி வீடு: காது மந்தம், நேரில் போய்ச் சொல்லணும். கஸ்தூரியம்மாள்: செவ்வாய்க்கிழமை விரதம், மத்தியானம் தூங்கும், கூப்பிடக் கூடாது. இப்படி அறுநூற்று நாற்பதுக்கும் எழுதி வைத்திருந்தான்.

பவானி சொன்ன வழி என்ன? அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருந்தது. அவள் வேலை சொல்லிக்கொடுத்த பெண்கள் இரண்டு பேர் அவளுக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து மேசைகளில் ஆள் குறைந்துகொண்டிருந்தது. விவசாயிகளிடம் விற்க ஒரு யோசனை கொண்டு வருபவர்களுக்கு எதிர்காலம் உண்டு என்று ஆதித்தன் கூட்டத்தில் சொன்னார். அவளிடம் யோசனை இருந்தது, பட்டியலும் இருந்தது. ஒரே சாயங்காலத்தில் குறிப்புக் கட்டத்தை அழித்தாள், மிச்சத்தைக் கம்பெனியில் கொடுத்தாள், போனில் கூப்பிடும் பெண்கள் என்ன பேச வேண்டும் என்பதையும் தானே உட்கார்ந்து எழுதினாள். அதே மாதிரி மோட்டார் ஓட்டும் பெட்டியைச் செய்து, முதல் வருஷம் இலவசம் என்று கம்பெனி அறிவித்தது. அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. அண்ணனின் அறுநூற்று நாற்பது இருநூறுக்கு இறங்கியது.

யாரோ ஒருத்தன் எப்படியும் செய்திருப்பான், சந்தை என்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டாள், அது அவள் தொழில். ஆனால் அதற்கப்புறம் ஊரிலிருந்து அண்ணனின் பெயர் போனில் வரும்போதெல்லாம் கடைசி மணி வரை விட்டுத்தான் எடுத்தாள். அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சித்திரையில் ஒரு தடவை மீட்டிங் நடுவே கூப்பிட்டு, "முழங்கால் வலி எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டான். அதற்காகவா போன் என்று எரிச்சலாகி, பரவாயில்லண்ணே என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கஸ்தூரியம்மாள் மாலையோடு வந்து பெட்டி மேல் விழுந்தது. அழுது ஓய்ந்ததும் பவானியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஓசியில குடுக்கான்னு அந்தக் கம்பெனிக்காரன் பெட்டியை வாங்கி மாட்டுனேன் ஆத்தா. மூணே மாசம். கரண்டு வந்தாலும் கூப்புட மாட்டேங்கு, கேக்கவும் ஆள் இல்ல. வெக்கத்தை விட்டு உங்கண்ணங்கிட்டயே வந்து நின்னேன். ஒரு வார்த்தை கேக்கலையே அவுக! மறுநாளே வந்து மாட்டிக் குடுத்துட்டு, மோரு குடிச்சிட்டுப் போனாக."

"அந்தக் கம்பெனி யாருதுன்னு எதும் சொன்னாகளா?" என்று பவானி கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"அவுக என்னத்தைச் சொன்னாக. மோட்டரு சத்தத்தைக் கேட்டாக, போயிட்டாக."

நீர்மாலைக் குடங்களில் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டி, இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொள்ள, கொட்டுச் சத்தம் வராக நதிப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. திரும்பி வந்த பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அழுத முகங்களில் தண்ணீர் பட்டதும் பேச்சு மெல்ல வீட்டு வேலைகளுக்குத் திரும்பியது. தலை முழுகிய பெண்கள் ஏழெட்டுப் பேர் சாமியானாவுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். மதினி முருகேஸ்வரி பின்கட்டில் துவைகல்லில் உட்கார்ந்திருக்க, பவானி அவள் தலையில் தண்ணீர் ஊற்றினாள். நாலாவது செம்பில் கை நின்றுவிட்டது.

"மதினி, அண்ணே எம்மேல எதும் வருத்தமா இருந்தாகளா?"

முருகேஸ்வரி முடியை முறுக்கிப் பிழிந்தாள். 

"சித்திரையில எனக்கு ஒரு போன் வந்துச்சு. கர்ணன் இருக்காரான்னு ஒரு கம்பெனிப் பொண்ணு கேக்கா."

"எந்தக் கர்ணன்?"

"அதான் நானும் கேட்டேன். அப்படி ஆளே கெடையாது பவானி. எல்லாருக்கும் போன் ஒழுங்காப் போகுதான்னு பாக்க, லிஸ்டுல கடைசியா ஒரு பேரைப் போட்டு என் நம்பரைக் குடுத்து வச்சிருந்தாக. அதுக்கு வச்ச பேரு கர்ணன். அவுக கம்ப்யூட்டர்ல இருக்கும். அப்புறம், ஒனக்கு அனுப்புனதுல இருக்கும். வேற எங்கயும் இல்ல."

அறுநூற்று நாற்பத்தொன்றாவது வரிசை பவானியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. குறிப்புக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் இருந்த ஒரே வரிசை. அழிக்கிறபோது அதைப் பார்த்தது கூட ஞாபகம் இருந்தது.

"நான் வைக்கப் போனேன். அவுக போனை வாங்கி, கர்ணந்தான் பேசுறேன், சொல்லும்மான்னாக. முழுசும் கேட்டாக. அந்தப் பொண்ணு எதையோ சொல்லச் சொல்ல, உம் உம்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. வச்சிட்டு எங்கிட்டச் சொன்னாக. 'ராத்திரி வரப்புல டார்ச்சோட நடந்த ஒங்க கால் இனிமே வீட்டுல இருக்கட்டும்னு சொல்லுதா முருகேஸ்வரி. எங்க ஆத்தா நடந்த நடையை வச்சு எழுதியிருக்கா. இது பாப்பா எழுதுனது. நல்லா எழுதியிருக்கா'ன்னு சொன்னாக."

பவானி செம்பைக் கீழே வைத்தாள். "கோவப்பட்டாகளா?"

"ரெண்டு நா சோறு எறங்கல அவுகளுக்கு. மூணாம் நா ஒனக்குப் போன் போடப் போறேன்னாக. இன்னைக்கு நல்லாக் கேட்டுருவாகன்னு நானும் பக்கத்துலயே நின்னேன்." முருகேஸ்வரி ஈரப் புடவையால் முகத்தைத் துடைத்தாள். "முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வச்சிட்டாக."

  அன்றைக்கு இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பேசியிருந்தால் அவன் கேட்டிருப்பான், தானும் சொல்லியிருப்போம் என்று பவானி நினைத்தாள். சொல்லியிருக்க மாட்டோம் என்பதும் தெரிந்தது. இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. ஆதித்தன் பெயரைப் பார்த்து அணைத்துப் போட்டாள்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது.

முதலில் சாமியானாவுக்குக் கீழே கஸ்தூரியம்மாளின் மடியில் ஒரு போன் அடித்தது. அது எடுத்துக் காதில் வைப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று, படியோரம் ஒன்று, சுருக்குப் பைக்குள்ளிருந்து ஒன்று. உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தியின் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"கரண்டு வந்திருச்சு ஆத்தா. ஈஸ்வரபாண்டி பேசுறேன். மோட்டரு ஓடணும்னா ஒன்னை அமுக்குங்க."

 கஸ்தூரியம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்து, ஒன்றை அமுக்கியது. "தென்னைக்குத் தண்ணி பாயணும்ல" என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னது. மற்றவர்களும் ஒவ்வொருத்தராக அமுக்கினார்கள்.

பின்கட்டு ஜன்னலில் முருகேஸ்வரியின் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஈரக் கையை உதறிப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை.

"கர்ணனுக்குத்தான்" என்றாள். "எடுத்து அமுக்கிரு பவானி. ஓட ஒரு மோட்டரும் கெடையாது. அமுக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல மறுபடி கூப்புடும், மூணு தடவை."

பவானி எடுத்துக் காதில் வைத்தாள். தொண்டை கட்டின குரல் பேசி முடித்தது, சற்றுக் காத்திருந்தது, துண்டித்துக்கொண்டது. அவள் எதையும் அமுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் துவைகல் ஓரமாக உட்கார்ந்து, திரையில் நேரத்தைப் பார்த்தாள். மூன்று மணி இரண்டு நிமிஷம்.