வெள்ளிக்கிழமை டோனட்

கீலி அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தாள். வருகைப் பதிவை முடித்த பிறகு வந்தால் வந்த கணக்கே இல்லை, ஆப்சென்ட்தான். அவளுடைய ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவு மறுபடியும் தோற்றது. கூட்ட அரங்கின் கதவோரம் வந்து நின்றவளைப் பார்த்து ஒரு பெண் பல்லைக் கடித்தாள்.

"வந்துட்டா பாரு மகாராணி! உன்னால இந்த வாரமும் டோனட் போச்சு."

இங்கிலாந்தின் லங்காஷயர் கடற்கரையில் இருக்கும் அந்தப் பள்ளியின் வழக்கம் அது. வாரம் முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் வந்த வகுப்புக்கு வெள்ளிக்கிழமை காலை, எண்ணெயில் பொரித்து ஜாம் வைத்த டோனட். உள்ளூர் பேக்கரிக்காரர் டெரிக் பிளாக்லாக் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுப்பார். கைதட்டல் வாங்குவார், போட்டோவுக்குச் சிரிப்பார்.

லொரெய்னுக்கு இந்தக் கூத்தே பிடிக்காது. காய்ச்சலில் படுத்த பிள்ளையைக்கூட ஒரு டோனட்டுக்காக மற்ற பிள்ளைகள் கரித்துக்கொட்டுகிறார்கள். எந்தப் புத்திசாலி கண்டுபிடித்த வழியோ! பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது நகராட்சியில் அவள் வேலை. கீலிக்கு வயது பதினாலு, பாதி நாள் ஆப்சென்ட். இனியும் பொறுக்க முடியாது, திங்கட்கிழமை உன் அம்மா மேல் வழக்கு என்று சொல்லத்தான் இன்று வந்திருந்தாள். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அங்கே பெற்றவர்தான் கோர்ட்டில் நிற்க வேண்டும். அந்த அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். வழக்கு வந்தால் அந்த வேலையும் ஆட்டம் கண்டுவிடும்.

"உங்கம்மா கோர்ட்டுல போய் நிக்கணுமா, சொல்லு? காலைல எந்திரிக்கக்கூட முடியலையா உனக்கு?" லொரெய்ன் கோபமாகத்தான் கேட்டாள்.

"எந்திரிச்சிடுறேன் மிஸ்."

"அப்புறம் என்ன கேடு?"

கீலி ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் லொரெய்ன் பார்த்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறித்த தழும்புகள், நகக்கண்ணில் ஜாம், முடியில் சர்க்கரைத் தூள். மேடையில் டெரிக் டோனட் பெட்டியைத் திறந்து ஜெயித்த வகுப்புக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கீலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசையாகப் பார்க்கவில்லை.

லொரெய்ன் அந்தப் பெட்டியைக் காட்டினாள். "அதைச் சுட்டது நீயா?"

"எண்ணெய்ல போடுறதும் நான்தான், ஜாம் வைக்கிறதும் நான்தான். குளிருக்கு வீட்ல ஹீட்டர் ஓடணுமே மிஸ், அந்தக் காசுக்குத்தான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் வழியில ஊர் சுத்துறேன்னு நினைச்சுத் திட்டிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

பள்ளிப் பிள்ளையைக் காலை ஏழு மணிக்கு முன்னால் வேலைக்கு வைக்கக் கூடாது. அதற்குப் பின்னால் வைப்பதற்கும் நகராட்சி அனுமதி வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் விடவே கூடாது. கடை வைத்து முடி நரைத்த ஆளுக்கு இது தெரியாதா? லொரெய்ன் விறுவிறுவென்று மேடை ஏறினாள். கைதட்டல் அடங்கியது.

"டெரிக், கீலி உங்ககிட்ட வேலை செய்யுறாளா?"

அந்த மனுஷனுக்கு முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை. கையில் மைக்கை வேறு பிடித்திருந்தார்.

"நம்ம கீலியா? தங்கமான புள்ளைங்க! இருட்டோட வந்து நிப்பா. மழையோ பனியோ, ஒரு நாள் லேட்டு கிடையாது, ஒரு நாள் லீவு கிடையாது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாமதானே ஒழுக்கம் கத்துக்கொடுக்கணும்?"

"ஸ்கூலுக்கு எப்போ அனுப்புவீங்க?"

"வேலை முடிஞ்சதும்தான். வெள்ளிக்கிழமைன்னா கொஞ்சம் இழுத்துடும். இந்த ஸ்கூல் டோனட்டு வேற இருக்கில்ல..."

சொன்னவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"திங்கட்கிழமை வழக்கு போகும்," என்றாள் லொரெய்ன். "அவங்கம்மா மேல இல்ல. உங்க மேல."

"என்னம்மா இது, நல்லது பண்ணப் போனா..."

"வாயை மூடுங்க டெரிக்."

அவள் இறங்கி வந்தபோது கீலியின் கண்கள் கலங்கியிருந்தன. "என் வேலை போச்சா மிஸ்?"

"அந்த வேலை ஒழியட்டும். வேணும்னா சனிக்கிழமை பகல்ல, அனுமதியோட, வேற நல்ல கடையா நானே பாத்துத் தர்றேன். ஹீட்டருக்காக நகராட்சிகிட்ட சண்டை போடுறது என் பாடு. உன் பாடு இல்ல, புரியுதா?"

மகாராணி என்றவள் குனிந்த தலை நிமிரவில்லை. பரிசு வாங்கிய வகுப்பில் ஒருவன் அவசரப்பட்டு ஏற்கெனவே கடித்துவிட்டிருந்தான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், வாய் நிறைய டோனட்டோடு அவன் கீலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.